பதினொன்று ஐந்துக்குச் சாகும் டிக்கெட்

ஆர்டிஸ் ஸ்கார் தன் மகனுக்காக எடுத்த விமான டிக்கெட் இதுவரை மூன்று முறை செத்துப்போயிருந்தது. மூன்று முறையும் சரியாகக் காலை பதினொன்று ஐந்துக்கு.

"கொலைகாரன்கூட அஞ்சு நிமிஷம் முன்ன பின்ன வருவான்," என்றான் ரெமி. "இவ்வளவு நேரம் தவறாதவன்னா, தபால் ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆன ஆளாத்தான் இருக்கணும்."

இம்பி கோஸ்கெலா சிரிக்கவில்லை. ஆர்டிஸின் சமையலறை மேசைமீது காகிதங்களைச் சீட்டுக்கட்டு பரப்புவதுபோல வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். வயது அறுபத்தொன்று. சிஷோம் ஊரில் ஒரு விமானக் கம்பெனியின் புள்ளி டிக்கெட் பிரிவில் இருபத்தேழு வருடம் தொலைபேசி எடுத்தவர். பறக்கும் ஒவ்வொரு தடவையும் பயணியின் கணக்கில் புள்ளி சேரும்; காசுக்குப் பதில் அதைக் கொடுத்து எடுப்பது புள்ளி டிக்கெட். அந்த அலுவலகத்தை மூடியதும் ஏரிக்கரை ஊரான டுலூத்துக்கு வந்து, காணாமல்போன புள்ளிகளையும் தொலைந்துபோன டிக்கெட்டுகளையும் தேடிக் கொடுக்கும் தொழிலை ஆரம்பித்தார். ரெமி லாபாந்த் அவருடைய ஒரே உதவியாளன். டுலூத் விமான நிலையத்தில் ஒன்பது வருடம் பெட்டி தூக்கினவன். ஒலிபெருக்கியில் அடித்த ஒரு ஜோக்குக்காக வேலை போனவன். அந்த ஜோக் என்ன என்று இம்பி இன்றுவரை கேட்டதில்லை. அவனுக்கு அதுதான் வருத்தம்.

"முதல்ல இருந்து சொல்லுங்க ஆர்டிஸ்," என்றார் இம்பி. "மெதுவா."

ஆர்டிஸ் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். எதையும் அச்செடுத்துத் தேதி போட்டுக் கோப்பில் வைப்பவள். இன்று அவள் விரல்கள் கோப்பின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தன.

"என் பையன் சிப்புக்கு ரெண்டு வருஷம் முன்னாடி தாதுக் கப்பல் துறையில முதுகுல அடிபட்டுது. வலிக்கு மாத்திரை கொடுத்தாங்க. வலி போயிடுச்சு. மாத்திரை போகலை." அவள் நிறுத்தினாள். "டூசான்ல ஒரு மறுவாழ்வு இல்லம். எட்டு மாசம் காத்திருந்து ஒரு கட்டில் கிடைச்சிருக்கு. ரெண்டு தடவை தேதி தள்ளிக் கேட்டேன். வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டுக்குள்ள அவன் அங்க இருக்கணும். இல்லைன்னா வரிசையில அடுத்த ஆளுக்குக் கொடுத்துடுவாங்க. இதுக்கு மேல தள்ள முடியாதுன்னு சொல்லிட்டாங்க."

"இன்னிக்குப் புதன்," என்றான் ரெமி. அவன் குரலில் இப்போது ஜோக் இல்லை.

"நாளைக்கு மதியம் ஒண்ணு இருபதுக்கு சில்வர்லூன் விமானம். மினியாபொலிஸ் போய் அங்கிருந்து டூசான். நேத்து ராத்திரி நாலாவது தடவையா எடுத்திருக்கேன். இன்னிக்குப் பதினொன்று ஐந்துக்கு அதுவும் செத்துடும். எனக்குத் தெரியும்."

சுவர்க் கடிகாரம் எட்டு ஐம்பது காட்டியது.

"காசு கொடுத்து ஒரு டிக்கெட் எடுத்துட்டா?" என்று ரெமி கேட்டான்.

"இருந்ததெல்லாம் அந்தக் கட்டிலுக்குப் போயாச்சு. என்கிட்ட மிச்சம் புள்ளிதான். அதுவும் ஒரு ஆளுக்குத்தான் காணும்."

இம்பி ஒரு காகிதத்தை எடுத்து விளக்குக்கு அருகில் பிடித்தார். கம்பெனியின் கடிதம். 'உங்கள் முன்பதிவு ரத்தாகியுள்ளது. புள்ளிகள் உங்கள் கணக்கில் திரும்பச் சேர்க்கப்பட்டன. காரணம்: பயணி – டி.' பயணியின் பெயர் இருந்த இடத்தில் 'ஸ்கார் / ஹால்வர்' என்று இருந்தது.

"ஹால்வரா? சிப்னு சொன்னீங்க?" என்றான் ரெமி.

"ஹால்வர்ங்கிறது சர்ச் பதிவேட்டுக்கு. பொறந்த அன்னிக்கே நர்ஸ் பார்த்துட்டு, அப்பா மரத்துல இருந்து தெறிச்ச சில்லுன்னு சொன்னா. சில்லுன்னா சிப். அன்னையில இருந்து சிப்தான்."

"அந்த டி-ன்னா என்னன்னு கேட்டீங்களா?"

"கேட்டேன். போன்ல இருந்த பொண்ணுக்கே தெரியலை. 'பயணி பக்கத்துக் காரணம்'னு மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னா. அப்படின்னா எங்க வீட்டு ஆளு யாரோ உள்ள போய் ரத்து பண்றாங்கன்னுதானே அர்த்தம்? யாருன்னு எனக்குத் தெரியும். ரஸ்டி."

ரஸ்டி அவளுடைய கணவன். எட்டு மாதமாகத் தனியாக இருப்பவன். கால்வாயின் மேலே இருக்கும் தூக்குப் பாலத்தை இயக்குவது அவன் வேலை.

"போன மாசம் இந்த வாசல்ல நின்னு கத்திட்டுப் போனான். பையனைக் கொண்டுபோய்ப் பாலைவனத்துல தள்ளப் போறியான்னு. என் பாஸ்வேர்டு நாயோட பேருதான்னு அவனுக்குத் தெரியும். ரெண்டு தடவை மாத்திட்டேன். அப்படியும் எப்படியோ உள்ள போறான்."

"மாத்தி என்ன வச்சீங்க?" என்றான் ரெமி.

"செத்துப்போன பழைய நாயோட பேரு."

ரெமி வாயைத் திறந்தான். இம்பி அவன் காலை மிதித்தார்.

அப்போது கூடத்துக் கதவருகில் ஒருவன் வந்து நின்றான். இருபத்து நான்கு வயது. உயரம். காலில் கம்பளி உறை. தோளில் ஒரு துணிப்பை. எங்கே பார்ப்பது என்று தெரியாத கண்கள்.

"பையை அவிழ்க்கவாம்மா, அப்படியே இருக்கட்டுமா?" என்றான் சிப்.

"இருக்கட்டும்டா."

"மூணு தடவை கட்டி மூணு தடவை அவிழ்த்தாச்சு. சீட்டுக்கே என்னைப் பிடிக்கலை போல." சிரிக்க முயன்றான். வரவில்லை. பையைச் சுவரோரம் வைத்துவிட்டு மாடிப்படி ஏறினான்.

அவன் கதவு சாத்தும் ஓசை கேட்கும்வரை ஆர்டிஸ் மூச்சுவிடவில்லை. பிறகு மேசைமேல் குனிந்து, கிட்டத்தட்ட உதட்டசைவாகச் சொன்னாள்:

"ஒருவேளை ரஸ்டி இல்லைன்னா... ரத்து பண்றது அவனா இருந்தா... போக இஷ்டமில்லாம அவனே... அப்படின்னா எனக்குச் சொல்லாதீங்க."

அப்போதுதான் ரெமிக்குப் புரிந்தது. இவள் ரஸ்டியைக் குற்றவாளி என்று நம்பவில்லை. ரஸ்டி குற்றவாளியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறாள்.

"கண்டுபிடிச்சா சொல்லித்தான் ஆகணும்," என்றார் இம்பி மென்மையாக. "ஆனா அதுக்கு முன்னாடி இந்தக் காகிதத்தை எல்லாரும் ஒரு தடவை பார்க்கலாம். ரெமி, நாற்காலியை இப்படிப் போடு."

அவர் குரலில் ஒரு உற்சாகம் வந்திருந்தது. கடிகாரத்தைப் பிரித்துப் போட்டு உள்ளே சக்கரங்களைப் பார்க்கிறவரின் உற்சாகம்.

"காசு கொடுத்து டிக்கெட் எடுத்தா, விமானத்துல காலியா இருக்கிற எந்த சீட்டும் நமக்குக் கிடைக்கும். புள்ளியில எடுத்தா அப்படி இல்லை. கம்பெனி ஒரு கூடையில நாலோ அஞ்சோ சீட்டைத் தனியா எடுத்து வச்சிருக்கும். அந்தக் கூடையில இருக்கிறதுதான் நமக்கு. கூடையில இன்னும் எத்தனை பாக்கின்னு திரையில ஓரமா எழுதியிருக்கும். ஆர்டிஸ் நல்ல காரியம் பண்ணியிருக்காங்க. டிக்கெட் எடுக்கிறதுக்கு முன்னாடியும் அச்செடுத்திருக்காங்க. மறுநாள் காலையில மனசு கேட்காம இன்னொரு தடவையும் அச்செடுத்திருக்காங்க. இதைப் படி."

ரெமி படித்தான். "முதல் தடவை. முன்னாடி நாலு சீட்டு. மறுநாள் காலையில ரெண்டு."

"ஆர்டிஸ் எடுத்தது எத்தனை?"

"ஒண்ணு." அவன் புருவம் சுருங்கியது. "அப்ப மூணுல்ல இருக்கணும்?"

"ரெண்டாவது தடவை?"

"அஞ்சு. அப்புறம் மூணு. அதுக்கடுத்தது மூணு, அப்புறம் ஒண்ணு. நேத்து ராத்திரி ரெண்டு, இன்னிக்குக் காலையில..." ரெமி நிமிர்ந்தான். "கூடை காலி."

மேசை நடுவில் எலுமிச்சைக் கேக் தட்டு இருந்தது. ஒரே ஒரு துண்டு மிச்சம். அதை யாரோ பாதியாக வெட்டி, அந்தப் பாதியையும் இன்னொருவர் பாதியாக வெட்டி வைத்திருந்தார்கள்.

"இந்த ஊர்ல கடைசித் துண்டை யாரும் எடுக்க மாட்டோம்," என்று தட்டைக் காட்டினார் இம்பி. "ஆனா கடைசி சீட்டை யாரோ எடுத்திருக்காங்க. நாலு தடவை. நாலு வெவ்வேறு தேதி. ஆர்டிஸ் எந்தத் தேதியில எடுத்தாலும், அதே ராத்திரி, அதே விமானத்துல, இன்னொரு ஆள் புள்ளியில ஒரு சீட்டு எடுக்குது. நவம்பர் மாசத்துல டுலூத்துல இருந்து டூசானுக்கு. இது தற்செயல் இல்லை. யாரோ நிழல் மாதிரி பின்னாடியே வர்றாங்க."

"நிழல் ஆசாமி சீட்டும் எடுத்துக்கிட்டு, நம்ம சீட்டையும் ரத்து பண்றானா? ஏன்?"

"அது இன்னொரு கேள்வி. உள்ள போற ஆளுக்குப் புள்ளியைத் திருட எவ்வளவு நேரமாகும்? ஒரு நிமிஷம். ஆனா புள்ளி அத்தனையும் ஒவ்வொரு தடவையும் பத்திரமா ஆர்டிஸ் கணக்குக்கே திரும்பி வந்திருக்கு."

"திருடன் வீட்டுக்குள்ள வந்து, எதையும் எடுக்காம, பாத்திரத்தைக் கழுவிக் கவுத்து வச்சிட்டுப் போயிருக்கான்," என்றான் ரெமி.

"அதேதான். கோபத்துல பண்றவன் அப்படிப் பண்ண மாட்டான். இன்னொண்ணும் இருக்கு. கூடை காலியாயிட்டதால, இன்னிக்கு டிக்கெட் செத்தா அந்த சீட்டு கூடைக்குத் திரும்பி வரும்னு சொல்ல முடியாது. புறப்படற கடைசி நாள்ல கம்பெனி அதைக் காசுக்கு வித்துடும். அதனால இந்த டிக்கெட்டை உயிரோட வைக்கிறதுதான் ஒரே வழி." இம்பி எழுந்து கோட்டை மாட்டினார். "ஆர்டிஸ், போன் பக்கத்துலயே இருங்க. நாங்க பாலத்துக்குப் போய்ட்டு வர்றோம்."

மலைச்சரிவில் ரெமியின் பழைய லாரி வழுக்கிக்கொண்டே இறங்கியது. கீழே ஏரி ஈயத் தகடுபோல் கிடந்தது. பொடிப்பனி விழுந்துகொண்டிருந்தது.

"மேடம், அந்த டி. உங்க கம்பெனியில டி-ன்னா என்ன?"

இம்பி கோட்டின் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு எழுத்து. எங்க கம்பெனியில டி-ன்னா பயணி இறந்துட்டார்னு அர்த்தம்."

ரெமி வண்டியை ஓட்டினான். கண்ணாடித் துடைப்பான் இரண்டு தடவை போய் வந்தது.

"ஆர்டிஸ்கிட்ட சொல்லாதது நல்லதாப் போச்சு," என்றான்.

பாலத்துக்கு முன்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. பாலம் தூக்கியிருந்தது. ஆயிரம் அடி நீளத் தாதுக் கப்பல் ஒன்று கால்வாய்க்குள் நகர்ந்துகொண்டிருந்தது. ஒரு தெருவே பெயர்ந்து போவதுபோல இருந்தது. கப்பல் ஊதியது. பாலம் பதிலுக்கு ஊதியது. ரெமி கடிகாரத்தைப் பார்த்தான். பத்து ஐந்து. பத்து பத்து. கப்பலின் வால் இன்னும் வந்தபாடில்லை.

"சரியா ஒரு மணி நேரம்கூட இல்லை," என்றான். "இது முடியறதுக்குள்ள சிப்புக்குக் கல்யாணமே ஆயிடும்."

பத்து இருபத்தைந்துக்குத்தான் பாலத்துக் கோபுரத்தின் அடியில் கதவைத் தட்டினார்கள். ஆரஞ்சு நிறச் சட்டையில் ஒரு பெரிய மனிதன் இறங்கி வந்தான். துருப்பிடித்த இரும்பின் நிறத்தில் தலைமுடி, பாதி நரை. மார்பில் 'ரஸ்டி' என்று தைத்திருந்தது.

"நான் இம்பி கோஸ்கெலா. ஆர்டிஸோட டிக்கெட் விஷயமா வந்திருக்கேன்."

அவன் முகம் இறுகியது. "ஆளே அனுப்பிட்டாளா? நல்லாயிருக்கு. பண்றதையும் பண்ணிட்டு ஆளும் அனுப்புறா."

"என்ன பண்ணிட்டாங்க?"

"என்ன பண்ணலை?" ரஸ்டி சட்டையின் உள்பையிலிருந்து நான்காக மடித்த காகிதங்களை இழுத்து இம்பியின் கையில் திணித்தான். "மூணு தடவை. என் சொந்தப் புள்ளியில எடுத்த சீட்டு. மூணு தடவையும் உள்ள புகுந்து ரத்து பண்ணிட்டா. நான் பையன்கூடப் போகக் கூடாதாம். அவளுக்கு அவ்வளவு வெறுப்பு. பாருங்க, பாருங்க!"

ரெமி இம்பியின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். சில்வர்லூன் கம்பெனியின் கடிதம். முன்பதிவு ரத்து. புள்ளிகள் திரும்பச் சேர்க்கப்பட்டன. காலை பதினொன்று ஐந்து. காரணம்: பயணி – டி.

பயணி: ஸ்கார் / ஹால்வர்.

"இது சிப்போட டிக்கெட்ல?" என்றான் ரெமி.

"என் டிக்கெட்டுங்கிறேன்."

"ஆனா பேரு ஹால்வர்னு போட்டிருக்கு."

"பின்ன என் பேரைப் போடாம உன் பேரையா போடுவான்?"

இம்பி காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல், மிக மெதுவாகக் கேட்டார்: "ரஸ்டி, உங்க பேரு ஹால்வரா?"

"ஆமா. எங்க வீட்ல மூத்த பையனுக்கு அந்தப் பேருதான். நான் மூணாவது. சிப் நாலாவது. எங்க தாத்தாவை ஷார்ட்டின்னுதான் கூப்பிடுவாங்க, ஆள் ஆறடி நாலங்குலம். எங்க நாலு பேர்ல ஒருத்தனைக்கூட யாரும் ஹால்வர்னு கூப்பிட்டதில்லை. கூப்பிட்டா நாங்களே திரும்பிப் பார்க்க மாட்டோம்."

இம்பி கண்ணை மூடிக்கொண்டார். "நானும் ஒரு துப்பறிகிறவள்! தெறிச்ச சில்லுன்னு ஆர்டிஸ் வாய்விட்டுச் சொன்னாங்க. பேரும் அப்பாவோடதாத்தான் இருக்கும்னு எனக்கு உறைக்கலை."

"எனக்கு இப்பவும் உறைக்கலை," என்றான் ரெமி. "மேடம், மணி பத்து முப்பது."

"டி-ன்னா டூப்ளிகேட்!" இம்பி காகிதத்தை ரெமியின் மார்பில் தட்டினார். "யாரும் யார் கணக்குக்குள்ளயும் போகலை. இது ஆள் இல்லை, கம்பெனியோட மெஷின். புள்ளி சீட்டை மொத்தமா வளைச்சுப் போட்டு விக்கிற தரகர்கள் இருக்காங்க. ஒரே பேர்ல ரெண்டு மூணு சீட்டு பிடிச்சு வைப்பாங்க. அவங்களைப் பிடிக்கக் கம்பெனி ஒரு மெஷினை உட்கார வச்சிருக்கு. அது தினமும் ஒரு தடவை பட்டியலை மேயும். மூணே மூணு விஷயம் பார்க்கும். குடும்பப் பேரு, முதல் பேரு, விமானம். மூணும் ஒத்துப்போனா ஒரே ஆள் ரெண்டு சீட்டு பிடிச்சிருக்கான்னு முடிவு கட்டி, ரெண்டையும் தூக்கிடும். பணத்தையும் புள்ளியையும் நேர்மையா அவங்கவங்க கணக்குக்கே திருப்பிப் போட்டுடும். அந்த மெஷின் கண்ணுக்கு உலகத்துல ஒரே ஒரு ஹால்வர் ஸ்கார்தான். அவன் ரெண்டு சீட்டுல உட்காரப் பார்க்கிறான்."

ரஸ்டி இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "அப்ப... அவ பண்ணலையா?"

"அவங்க நீங்கதான் பண்றீங்கன்னு நினைக்கிறாங்க. நீங்க ஒவ்வொரு தடவை டிக்கெட் எடுக்கும்போதும் உங்க பையனோடதைச் சாகடிச்சிருக்கீங்க. அவங்க உங்களோடதை. தேதி உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

ரஸ்டி கோபுரத்தின் அடியில் இருந்த அலமாரியைத் திறந்து தன் தொலைபேசியை எடுத்தான். வேலை நேரத்தில் அது அங்கேதான் பூட்டியிருக்க வேண்டும் என்பது பாலத்தின் விதி. பதினொன்று ஐந்துக்கு இவன் யாருடைய டிக்கெட்டையும் ரத்து செய்திருக்க முடியாது என்று ரெமி மனதுக்குள் குறித்துக்கொண்டான்.

ரஸ்டி திரையை நீட்டினான். சிப்பிடமிருந்து நான்கு செய்திகள். நான்கும் ஏறக்குறைய ஒன்றே. கடைசிச் செய்தி நேற்று இரவு வந்தது: 'வியாழன் ஒண்ணு இருபது. அம்மாகிட்ட சொல்லாதே. நீயும் வர்றியாப்பா?'

"அந்த இல்லம் வேணாம்னு கத்தினேன், உண்மைதான்," என்றான் ரஸ்டி. "முட்டாள்தனம். போன வருஷம் ஒரு இடத்துக்கு அனுப்பினோம். மினியாபொலிஸ்ல விமானம் மாறணும். மாறலை. விமான நிலையத்துல இருந்து வெளிய நடந்துட்டான். பதினோரு நாள் கழிச்சுத்தான் கிடைச்சான். நாளைக்கும் அங்க ரெண்டரை மணி நேரம் காத்திருக்கணும். அந்த ரெண்டரை மணி நேரம் அவன் பக்கத்துல யாராவது உட்காரணும். அவனே கேட்கிறான். நான் என்னன்னு சொல்றது?"

மேலேயிருந்து ஒரு குரல் கத்தியது: "ரஸ்டி! அடுத்த கப்பல் பதினொண்ணுக்கு!"

"பத்து முப்பத்தாறு," என்றான் ரெமி.

இம்பி விரலை உயர்த்தினார். "கவனமா கேளுங்க. கணக்கு ரெண்டு. உங்க டிக்கெட்டை உங்க வாயால, சிப் டிக்கெட்டை ஆர்டிஸ் வாயாலதான் பேசணும். நான் எல்லாரையும் ஒரே அழைப்புல சேர்க்கிறேன். ஆனா ஒரு வார்த்தை மட்டும் யார் வாயிலயும் வரக் கூடாது. 'மாத்தணும்'னு சொல்லாதீங்க."

"ஏன்?"

"புள்ளி டிக்கெட்டை மாத்தறதுன்னா, பழையதை விட்டுட்டு கூடையில இருந்து புதுசா எடுக்கிறதுன்னு அர்த்தம். கூடை காலி. விட்டா போச்சு. 'பேரைத் திருத்தணும்'னு சொல்லுங்க. திருத்தினா சீட்டு இருந்த இடத்துலயே இருக்கும், எழுத்து மட்டும் மாறும். மாத்தறது வேற, திருத்தறது வேற. இருபத்தேழு வருஷத்துல இந்த ஒரு வார்த்தையால சீட்டை இழந்து அழுதவங்களை எண்ணி மாளாது."

கம்பெனியின் காத்திருப்பு இசை எட்டு நிமிடம் ஓடியது. ஒரே ஒரு புல்லாங்குழல் துண்டு, திரும்பத் திரும்ப. ரெமி அந்தப் புல்லாங்குழல்காரனுக்கு நேர வேண்டிய விபத்துகளைப் பட்டியல் போட்டான். ஒன்பதாவது நிமிடம் டோரின் என்ற ஒரு பெண் வந்தாள். இம்பி ஆர்டிஸை இணைத்தார்.

"ஆர்டிஸ், ரஸ்டி லைன்ல இருக்கார். சண்டை அப்புறம்."

மறுமுனையில் ஒரு நாற்காலி நகர்ந்தது.

"நான்தான்," என்றான் ரஸ்டி. "நாளைக்கு அந்த விமானத்துல நானும் போறேன். அவன் கூப்பிட்டான்."

"அவனா?" ஆர்டிஸின் குரல் நூலாக இருந்தது. "அவனா கூப்பிட்டான்?"

"நாலு தடவை. போகணும்னுதான் அவனும் நினைக்கிறான் ஆர்டிஸ். தனியாப் போகத்தான் பயம்."

தொலைபேசியில் ஒரு மூச்சு மட்டும் கேட்டது. நீண்ட மூச்சு. ரெமி ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஹலோ?" என்றாள் டோரின். "உங்களுக்கு நான் என்ன உதவி செய்யணும்?"

"டிக்கெட்டை மாத்–" என்று ஆரம்பித்தான் ரஸ்டி. இம்பியின் குதிகால் அவன் பூட்ஸ் மேல் இறங்கியது. "–திருத்தணும்! பேரைத் திருத்தணும்!"

"பயணி பேரு ஹால்வர் ஸ்கார்தானே? ஓ, இங்க ரெண்டு முன்பதிவு காட்டுதே. ஒண்ணை ரத்து பண்ணிடட்டுமா?"

"வேணாம்!" மூன்று பேர் ஒரே குரலில் கத்தினார்கள்.

இம்பி தொலைபேசியை வாங்கிக்கொண்டார். நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக, எதிர்முனையில் இருப்பவளின் விரல்கள் விசைப்பலகையில் ஓடும் வேகத்துக்குப் பேசினார். ஒருவர் அப்பா. ஒருவர் மகன். பிறந்த தேதியைப் பாருங்கள், இருபத்தொன்பது வருட வித்தியாசம். பதிவு செய்யும் படிவத்தில் நடுப்பெயர் என்று ஒரு பெட்டி இருக்கிறது. 'கட்டாயமில்லை' என்று போட்டிருப்பதால் இருவரும் அதைக் காலியாக விட்டுவிட்டார்கள். அதை நிரப்பினால் அது முதல் பெயரோடு ஒட்டிக்கொள்ளும், மெஷின் கண்ணுக்கு இரண்டும் வேறு வேறு பெயராகிவிடும்.

"அடையாள அட்டையில நடுப்பெயர் இருக்கா?" என்றாள் டோரின்.

"இருக்கு," என்றாள் ஆர்டிஸ். "பேடர். எங்க அப்பா பேரு."

"எனக்கு எமில்," என்றான் ரஸ்டி.

விசைகள் தட்டும் ஓசை. நின்றது. மறுபடி தட்டியது. கால்வாயின் வெளியே ஒரு கப்பல் ஊதியது. மேலேயிருந்த குரல் ரஸ்டியை மறுபடி அழைத்தது. அவன் ஏணியில் ஒரு காலை வைத்தபடி நின்றான்.

"போங்க," என்றார் இம்பி. "உங்க பங்கு முடிஞ்சுது."

அவன் இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறினான். மணி அடித்தது. பாலம் ஒரு முனகலோடு எழும்பத் தொடங்கியது.

"பதினொண்ணு ஒண்ணு," என்றான் ரெமி.

"ரெண்டு முன்பதிவையும் ஒண்ணோட ஒண்ணு கோத்து விடுங்க டோரின். வெவ்வேறு ஆள், சேர்ந்து பயணம்னு குறிப்பு போடுங்க."

"போட்டுட்டேன்... சேமிக்குது... கொஞ்சம் மெதுவா இருக்கு இன்னிக்கு."

பதினொன்று மூன்று. பதினொன்று நான்கு.

"சேமிச்சாச்சு."

பதினொன்று ஐந்து.

ரெமி தன் தொலைபேசியில் சிப்பின் முன்பதிவு எண்ணைப் போட்டுத் திறந்தான். சக்கரம் சுற்றியது. பக்கம் வந்தது. டிக்கெட் உயிரோடு இருந்தது. இம்பி ரஸ்டியின் எண்ணைப் போடச் சொன்னார். அதுவும் வந்தது. பதினொன்று ஆறு. பதினொன்று ஏழு. அவன் மறுபடி மறுபடி திறந்து பார்த்தான். மேலே பாலம் ஊதியது.

"யாரு பண்ணினது?" என்று தொலைபேசியில் ஆர்டிஸ் கேட்டாள். அவள் இன்னும் காத்திருந்தாள். "இம்பி, கடைசியில யாருதான் பண்ணினது?"

"யாருமில்லை. காலியா விட்ட ஒரு பெட்டி. சிப்கிட்ட அந்தப் பையை அவிழ்க்க வேணாம்னு சொல்லுங்க."

லாரிக்குத் திரும்பியதும் இம்பி ஒரு கடிதத்தின் பின்பக்கத்தைத் திருப்பி, முழங்காலில் வைத்து, கோப்புக்காக எழுதினார். ரெமி எட்டிப் படித்தான்:

'ஒரே விமானத்தில் ஒரே பெயருள்ள இருவர் புள்ளியில் போவதானால், இருவருக்கும் அடையாள அட்டையில் உள்ளபடி நடுப்பெயரை நிரப்ப வேண்டும். பிறந்த தேதியைச் சரிபார்க்கச் சொல்ல வேண்டும். இரண்டு முன்பதிவுகளையும் ஒன்றோடொன்று கோக்கச் சொல்ல வேண்டும். மாற்ற வேண்டும் என்று சொல்லக் கூடாது. திருத்த வேண்டும் என்று சொல்ல வேண்டும். ஹால்வர் பேடர் ஸ்கார், ஹால்வர் எமில் ஸ்கார். இரண்டு பேர், இரண்டு சீட்டு.'